கடைசி வரிசை மரவள்ளி வாடுவது ஏன்?

கேள்வி: மரவள்ளிக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் போட்டிருக்கிறோம். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் கடைசி வரிசைகள் வாடுகின்றன. தண்ணீர் சமமாகப் பாய்கிறதா என்று எப்படி அளப்பது?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: மோட்டார் நேரத்தைக் கூட்டாதீர்கள். முன் வரிசைத் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கி வீணாகும், உரமும் கூடவே போய்விடும்.

முதல், நடு இரண்டு, கடைசி என 4 லேட்டரல்களை (வரிசையோடு ஓடும் டிரிப்பர் குழாய்களை) எடுங்கள். ஒவ்வொன்றிலும் தலை முதல் நுனி வரை 4 டிரிப்பர், மொத்தம் 16. அடியில் டப்பா வைத்துச் சரியாக 6 நிமிடம் பிடித்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 400 மில்லி இருக்க வேண்டும். மிகக் குறைந்த 4 அளவுகளின் சராசரியை 16-இன் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, குறைந்த நான்கின் சராசரி 234 மில்லி, மொத்தச் சராசரி 360 மில்லி என்றால் 65 சதவீதம், இது மோசம். 90-க்கு மேல் அருமை, 80 பரவாயில்லை.

நுனியில் மட்டும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது வண்டல். மோட்டார் ஓடும்போதே லேட்டரலின் நுனி மூடியைக் கழற்றி, தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். அங்கங்கே குறைந்து, டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு தெரிந்தால் போர்வெல் உப்புதான். அமிலச் சுத்தம் தேவை. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.