எங்கள் வார்டில் காலநிலைத் திட்டக் கூட்டம் நடக்கப்போகிறது. சாதாரண மக்கள் போய்ப் பேசினால் ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் வரைபடம் முடிவான பிறகு கூட்டப்படும் கூட்டத்துக்குக் கைவீசிக்கொண்டு போனால் மாறாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏற்கெனவே இப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பேச வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பியவர் என்று தோன்றுகிறது. நான் வடசென்னைக் கடலோரத்தில் உள்ள எண்ணூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஆசிரியையாக வேலை பார்ப்பவள். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். சென்னையின் மூன்று ஆறுகளில் பெரியதான கொசஸ்தலையாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. பூண்டியில் திறந்துவிடும் தண்ணீர், புழல் ஏரியின் உபரிநீர், பக்கிங்காம் கால்வாயில் வருவது என அத்தனையும் எங்கள் கழிமுகத்தைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அதே கழிமுகத்தைச் சுற்றித்தான் மாநகரத்துக்கு மின்சாரம் தரும் அனல் மின் நிலையங்களும் வந்தன. எண்ணூர் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். 2024இல் வடசென்னையில் இன்னொரு 800 மெகாவாட் அலகும் சேர்ந்தது. எரிந்த நிலக்கரியின் சாம்பல், தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்குப் போகிறது. குழாய் கசிந்து ஆற்றில் சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது பலருக்கும் நினைவிருக்கும். ஆற்றின் ஆழம் குறைந்தால் வெள்ளம் வடியாது, இறாலும் தங்காது. ஆகவே வெள்ளத் தடுப்பு ஒரு துறை, மின்சாரம் வேறொரு துறை என்று கோப்புகளைப் பிரித்து வைப்பதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, மழைநீர் வடிகால் பணி ஒன்றை விளக்குவதற்காக எங்கள் பகுதியில் கூட்டம் போட்டார்கள். சுவரில் பெரிய வண்ண வரைபடம். தெருக்களிலிருந்து ஆற்றை நோக்கி நீலக் கோடுகள். முன்வரிசையில் இருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து, “அமாவாசை அன்னிக்கு ஆத்துத் தண்ணி உள்ள ஏறுமே, அப்ப இந்தக் கால்வா எந்தப் பக்கம் ஓடும் சார்?” என்று கேட்டார். வந்திருந்த இளம் பொறியாளர் மரியாதையானவர்தான். “சரிவெல்லாம் கணக்குப் போட்டுட்டோம் ஐயா” என்றார். கேள்வி சரிவைப் பற்றியது அல்ல. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்று மட்டம் தெருவின் மட்டத்துக்கு மேல் போய்விடும். அப்போது எவ்வளவு சரிவாகக் கட்டினாலும் அந்த வடிகாலே ஆற்றைத் தெருவுக்குள் கொண்டுவரும் வாய்க்காலாகிவிடும். மாதம் இரண்டு முறை அமாவாசையையும் பௌர்ணமியையும் பார்த்து வலை போடுகிறவருக்குத் தெரிந்த இந்த விஷயம், வரைபடம் தயாரித்தவர்களின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

அதன் பிறகுதான் நாங்கள் சொந்தமாக வரையத் தொடங்கினோம். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களும் என் மாணவர்களின் தாய்மார்களும் தெருத் தெருவாகப் போய், வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவரிலேயே அளந்தோம். 2015 வெள்ளத்தின் கறையைப் பெரும்பாலோர் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். ஆனாலும் கையை வைத்து “இதுவரை” என்று காட்டாத வீடு இல்லை. 2023 டிசம்பரின் கறையை யாரும் கை வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்ததால், சுவரில் இடுப்பளவு உயரத்தில் தார் பூசியது போல ஒரு கறுப்புக் கோடு; தேய்த்துக் கழுவிய இடங்களிலும் விரலை வைத்தால் பிசுபிசுத்தது. அந்த உயரங்களை எல்லாம் சமுதாயக் கூடத்தின் தரையில் சாக்கட்டியால் வரைந்த தெருப்படத்தில் குறித்தோம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் நுழைகிறது, மின்மாற்றி எந்த அளவில் மூழ்குகிறது என்பதெல்லாம் அதில் வந்தன. பிறகு தாளில் படியெடுத்து, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் மனுவோடு இணைத்துக் கொடுத்தோம்.

எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில், கடல் ஏறும்போது மூடிக்கொள்ள ஷட்டர் வைப்பதாக ஒப்புக்கொண்டு வைத்தார்கள். மின்மாற்றியின் மேடையை உயர்த்தினார்கள். ஆற்றில் படிந்திருக்கும் சாம்பலை முழுவதுமாக அகற்ற வேண்டும் என்ற கோரிக்கைக்கு, அது தங்கள் துறையின் கீழ் வராது என்பதே பதிலாக வந்தது.

இதைப் படித்ததும், “பாமர மக்களுக்கு நீரியல் தெரியுமா, பொறியாளர்கள் எதற்கு?” என்று சிலர் எழுதுவார்கள். பொறியாளர்கள் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஷட்டரை வடிவமைத்தவர் அவர்களில் ஒருவர்தான். ஆனால் நீரைத் திட்டமிட்டுப் பங்கிடத் தெரியாதவர்கள் என்று கடலோர மக்களைச் சொல்வது சரியல்ல. பழவேற்காட்டில் எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் பாடு வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. “வளர்ச்சிக்கு எதிரானவர்கள்” என்ற குற்றச்சாட்டும் வரும். எங்கள் வீட்டிலும் மின்விசிறி ஓடுகிறது. நகரம் முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தின் சாம்பலை ஒரே ஊர் சுமக்க வேண்டுமா என்று மட்டுமே கேட்கிறோம்.

மக்களைக் கேட்காமல் செய்யும் ‘பாதுகாப்பு’ எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நகரின் தென்கோடியில் சான்று இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆபத்தான இடம் என்று அடையாற்றின், கூவத்தின் கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதியிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் மட்டும் வெகுதூரம் போய்விட்டன. எங்கே போகலாம் என்று அவர்களையே முதலில் கேட்டிருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிலக்கரியை விட்டுச் சூரியசக்திக்குப் போகும் மின்சார மாற்றத்திலும் இதே கதைதான் நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். 2023இல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் கார்பன் சமநிலையை, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாவதை, இலக்காக வைத்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கூரை சூரியசக்திக்கு மத்திய அரசு தரும் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், யாருக்குப் போகும்? சொந்த மொட்டை மாடி உள்ளவருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இருப்பவருக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும், வாரியக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருப்பவருக்கும் அதில் வழியில்லை. நிலக்கரித் தூசியைச் சுவாசித்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அனல் நிலையம் ஒன்று மூடப்படும்போது நிரந்தர ஊழியருக்கு இடமாற்ற ஆணை கிடைக்கும். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் சாம்பல் அள்ளியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதனால் எங்கள் மனுவில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்தோம்: வெள்ளத்தின்போது மக்கள் தங்கும் பள்ளியிலும் சமுதாயக் கூடத்திலும் சூரியத் தகடும் மின்கலமும் முதலில் வர வேண்டும், அவற்றை நிறுவவும் பராமரிக்கவும் பயிற்சியும் வேலையும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலில் தர வேண்டும். இரண்டும் இன்னும் நிலுவையில் இருக்கின்றன.

உங்கள் வார்டுக்கு வருகிறேன். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இலேயே நடைமுறைக்கு வந்தும், தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி முதல் பகுதி சபைகள் கூடின. கூட்டத் தேதிக்குக் காத்திருக்காமல், திட்ட வரைபடத்தின் நகலை மண்டல அலுவலகத்தில் இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் தெருவின் வெள்ள உயரங்களை, அந்த வீட்டுக்காரர்களையே அருகில் நிற்கவைத்துப் படமெடுத்து இணையுங்கள். வாய்மொழியாகப் பேசியதோடு விடாமல், நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்து, அதன் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். நீங்கள் சென்னைக்காரர் என்றால் இன்னொன்றும் உண்டு: 2027 முதல் 2046 வரை நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் பகுதியின் ஏரியும் கால்வாயும் எந்த எல்லையோடு குறிக்கப்படுகின்றன என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.