கல்லூரி முடித்த பிறகு எனக்கு ஏற்ற தொழில் பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழில் பாதை என்பது ஒரே ஒரு வேலை அல்ல. ஒரு வேலையில் கற்றது அடுத்த வேலைக்குக் கைகொடுக்க, பல ஆண்டுகளில் உருவாகும் தொடர்ச்சி அது.

படிப்பு முடித்த உடனே இது தெளிவாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. ஒரு பாடம் பிடிப்பது வேறு, அந்தத் துறையின் அன்றாட வேலை பிடிப்பது வேறு. சட்டத்தை ரசித்துப் படித்தவருக்கு நாள் முழுக்க ஆவணங்களைச் சரிபார்ப்பது அலுத்துப் போகலாம். வகுப்பறையில் இது தெரியாது. செருப்பு கடிக்குமா என்பது போட்டு நடந்தால்தானே தெரியும்! அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் சூப்பர், சுமார் 15 முதல் 24 வயது வரையிலான காலத்தைத் தேடிப் பார்க்கும் பருவம் என்றே வகுத்தார். அதனால் குழப்பமாக இருந்தால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அந்தத் துறையில் இருப்பவரிடம், "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. அப்புறம் பயிற்சி வேலையோ பகுதிநேர வேலையோ, ஏதாவது ஒன்றில் இறங்கிப் பாருங்கள். எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை, எது சோர்வு தருகிறது என்று குறித்து வையுங்கள். சம்பளத்தையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுப்பது தவறே இல்லை.

முதல் வேலை சரியாக அமையாவிட்டால் எல்லாம் போச்சு என்று பலர் பயப்படுகிறார்கள். அது உண்மையில்லை, தெளிவாகப் பேசவும் எழுதவும் சொன்ன நேரத்தில் முடிக்கவும் அங்கே பழகியது எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும்.