இழைப்புளி பேஸ்மென்டில் இருக்கும்

கேள்வி: பிலடெல்பியா பக்கம் குடியிருக்கிறோம். என் தாத்தா ஊரில் தச்சு வேலை பார்த்தவர். அவருடைய கருவிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஏக்கத்தில் பழைய கைக்கருவிகளைத் தேடி இங்கே எஸ்டேட் சேல்களுக்கு, அதாவது இறந்தவர் வீட்டுப் பொருள்களை அந்த வீட்டிலேயே விற்கும் விற்பனைகளுக்கு, போக ஆரம்பித்தேன். முதல் தடவை போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. பிடி உடைந்த சுத்தியல்தான் மிச்சம். அடுத்த தடவை 45 டாலருக்கு ஓர் இழைப்புளி வாங்கினேன்; வீட்டில் துடைத்துப் பார்த்தால் அடியில் விரிசல். எதைப் பார்த்து வாங்குவது? இறந்தவர் வீட்டுப் பொருள் நமக்கு எதற்கு என்று அம்மா வேறு வருத்தப்படுகிறார்.

பதில்: விரிசல் விட்ட இழைப்புளியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பிளேடு, கைப்பிடி, திருகுகள் எல்லாம் நாளைக்கு உதவும். ஸ்டான்லி கம்பெனி இழைப்புளி என்றால் இன்னும் பத்திரமாக வையுங்கள். அதன் திருகுகளின் மரை தனி மாதிரி. இன்றைய ஹார்டுவேர் கடையில் கிடைக்காது.

இனி வாங்கும்போது முதலில் வாயைப் பாருங்கள். அடித்தட்டில் பிளேடு எட்டிப் பார்க்கும் திறப்பின் இரண்டு பக்கமும் இரும்பு குறுகலாக இருக்கும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். துருவும் அழுக்கும் விரிசலை மறைத்துவிடும். அதனால் டார்ச்சைச் சாய்த்து அடித்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் இடறினால் வாங்காமல் விட்டுவிடுங்கள். அப்புறம் மேலே இருக்கும் லீவரைத் தூக்கினால் பிளேடு கையோடு வந்துவிடும். அதன் முதுகை, விளிம்பை ஒட்டிய அரை அங்குலத்தை, நிதானமாகப் பாருங்கள். மேலாகப் படிந்த துரு வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். துரு தின்று குழி விழுந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் முனை சுத்தமாக வராது. நான் அதிகம் ஏமாந்தது இதில்தான்.

முதல் இழைப்புளியாக 14 அங்குல நீளமுள்ள ஸ்டான்லி 5ஆம் எண்ணைத் தேடுங்கள். ஏராளமாகச் செய்து விற்றது, அதனால் இன்றும் அகப்படும். பிளேடுக்குப் பின்னால் இரும்பிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்தால் அது ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் செய்தது. அதை 30 டாலருக்குக் கேட்டால் பேரம் பேசாமல் வாங்குவேன்.

ரம்பத்துக்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. ஹென்றி டிஸ்டன் 1840இல் ரம்பத் தொழில் தொடங்கியது பிலடெல்பியாவில்தான். பிறகு அதே ஊரின் டகோனி பகுதியில் பெரிய ஆலையாக வளர்ந்தது. கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையில் டிஸ்டன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'வாரன்டட் சுப்பீரியர்' என்று மட்டும் இருந்தால் அது பொதுவாக மலிவு ரகம். அதிக விலை கொடுக்காதீர்கள். பிடியைக் கண்ணருகே வைத்துப் பல் வரிசையை நீளவாக்கில் பாருங்கள். தகடு நெளிந்திருந்தால் எனக்கு வேண்டாம். பல் மழுங்கியது பெரிய குறையில்லை, அரம் போட்டுக்கொள்ளலாம்.

நேரத்துக்கு வருவோம். இந்த விற்பனை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நடக்கும். கடைசி நாள் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஆனால் நல்ல கருவி அதுவரை தங்காது. முதல் நாள் காலையில் பல இடங்களில் வரிசை எண் கொடுப்பார்கள், சீக்கிரம் போய் வாங்கிவிடுங்கள். கதவு திறந்ததும் கூட்டம் நகைக்கும் நாற்காலிக்கும் போகும், நீங்கள் நேராக பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்பதை முன்னாலேயே போட்டு வைக்கும் படங்களில் முடிவு செய்யலாம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு தச்சு மேசையின் மூலை தெரிகிறதா, சுவரில் ஆணியடித்து ரம்பம் மாட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே போனதும் இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் உளி கிடைத்தால், அந்த வீட்டில் மற்றதும் நன்றாக இருக்கும்.

அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டில் நான் எடுத்த இழைப்புளியின் பிடியில் இரண்டு எழுத்து அடித்திருந்தது. மேசையில் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர் அந்த வீட்டுப் பெண். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "அப்பாவுடையது. அலமாரியில் வைக்கவா, வேலை செய்யவா?" என்று கேட்டார். வேலை செய்யத்தான் என்றேன். உள்ளே போய், அவர் அப்பா தீட்டித் தீட்டி நடுவில் பள்ளம் விழுந்த சாணைக்கல்லை எடுத்து வந்து, காசு வாங்காமல் கூடவே வைத்தார். ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் சந்தனம் வைக்கிறோம். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.