பெண் குடியரசுத் தலைவர் இருந்தார், பெண்கள் அணி இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ்லாந்து ஆண்கள் கால்பந்து அணியைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை வீழ்த்தியது உண்மையிலேயே வியப்புதான். அந்நாட்டுப் பெண்கள் அணியைப் பற்றியும் எழுதலாமே. ஆண்கள் அணியின் வெற்றி தந்த உற்சாகத்தில் வளர்ந்ததுதான் பெண்கள் அணி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெண் சமத்துவத்தில் உலகுக்கே முன்னோடியான நாடு என்பதால் அவர்களுக்குத் தடைகள் பெரிதாக இருந்திருக்காது என்றும் நினைக்கிறேன். அப்படியிருந்தும் உலகக் கோப்பையில் அவர்களைக் காண முடியவில்லையே, ஏன்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வரிசை நேர்மாறானது. ஐஸ்லாந்திலிருந்து முதன்முதலில் ஒரு பெரிய சர்வதேசப் போட்டிக்குத் தகுதி பெற்ற தேசியக் கால்பந்து அணி பெண்களுடையதுதான். அவர்கள் 2009இல் பின்லாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் ஆடினார்கள்; ஆண்கள் அந்த இடத்துக்கு வந்துசேர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 2016இன் ஆரவாரம் உலகெங்கும் கேட்டதால் அதற்கு முன்னால் நடந்தது காதில் விழாமல் போனது.

சமத்துவத்தைப் பற்றிய தங்கள் ஊகத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் இந்த அணியின் வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்த பகுதி அதுதான். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் தொண்ணூறு சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில், 1980இல், விக்திஸ் ஃபின்போகடோட்டிர் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெண் குடியரசுத் தலைவர் உலகில் அவருக்கு முன் யாரும் இல்லை. பெண்கள் தேசிய அணி அதற்கு மறு ஆண்டே பிறந்தது. 1981 செப்டம்பர் 20 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடி 2-3 என்று தோற்றார்கள். முதல் ஆட்டத்துக்கு அது மோசமான கணக்கு அல்ல. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்களுக்காக முதன்முதலில் நடத்திய போட்டியின் தகுதிச் சுற்றிலும் அவர்கள் இருந்தார்கள்.

இதுவரை தாங்கள் நினைப்பது போலத்தான் கதை செல்கிறது. ஆனால் 1987இல் அந்த அணியையே கலைத்துவிட்டார்கள். 1992 வரை ஐஸ்லாந்துக்குப் பெண்கள் தேசிய அணி என்று ஒன்று கிடையாது. 1987, 1989, 1991 என மூன்று ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் அதன் பெயரே இல்லை. 1991 போட்டிதான் பெண்களின் முதல் உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றாகவும் கொள்ளப்பட்டதால், அந்தக் கதவும் தட்டப்படாமலே மூடிக்கொண்டது. இத்தனையும் நடந்த காலம் முழுவதும் விக்திஸ்தான் குடியரசுத் தலைவர். 1996 வரை அவர் பதவியில் இருந்தார். நாட்டின் தலைமைப் பதவியில் ஒரு பெண் இருக்க, நாட்டின் சீருடையை அணிய பெண்களுக்கு ஓர் அணி இல்லை என்ற நிலையை அந்தச் சமூகம் ஐந்து ஆண்டுகள் சகித்துக்கொண்டது. ஆகவே அரசியலில் வென்ற சமத்துவம் மைதானத்துக்குத் தானாக வந்துசேரும் என்று நான் நம்புவதில்லை.

சிறிய நாடு என்பதைப் பலமாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், முடிவுகளை விரைவாக எடுக்கலாம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் விரைவாக மூடவும் முடியும். எந்த அயல்நாட்டுக்கு ஆடப்போவதென்றாலும் கடல் தாண்டி விமானத்தில்தான் செல்ல வேண்டிய நாட்டில், சிறிய கால்பந்துச் சங்கத்தின் பணப்பெட்டி சுருங்கும்போது முதலில் கைவைக்கப்படுவது எந்த அணி என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மீண்டும் தொடங்கிய அணி ஓரிரு ஆண்டுகளிலேயே நெதர்லாந்தும் கிரேக்கமும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்து, ஐரோப்பாவின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. 1994இல் நடந்த அந்தக் காலிறுதியில் இங்கிலாந்திடம் சொந்த மண்ணில் 1-2, அங்கே சென்று மீண்டும் 1-2 என்று தோற்றார்கள். எனக்கு இது சாதனையைவிட அதிகமாக ஓர் இழப்பாகவே படுகிறது. இந்தத் திறமை அந்த ஐந்து ஆண்டுகளிலும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அதன்பின் வாசல்வரை சென்று திரும்பும் காலம். 2002இல் உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப் எனப்படும் கடைசித் தகுதி ஆட்டங்களில் மறுபடியும் இங்கிலாந்து. தலைநகர் ரெய்க்யாவிக்கில் 2-2, பர்மிங்காமில் 0-1. 2004இல் ஐரோப்பியக் கோப்பைக்கான பிளே-ஆஃபில் நார்வேயிடம் சொந்த ஊரிலேயே 2-7.

2008 அக்டோபர் இறுதியில் அந்த வாசல் திறந்தது. அந்த மாதத்தின் முதல் பாதியில்தான் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்திருந்தன. மாதம் முடிவதற்குள் அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தி நின்றது. ஐரோப்பியக் கோப்பைக்கான பிளே-ஆஃபின் முதல் ஆட்டம் டப்ளினில் அயர்லாந்துடன் 1-1 என்று முடிந்திருக்க, அக்டோபர் 30 அன்று ரெய்க்யாவிக் தேசிய மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். புல்தரை உறைந்து கல்லாகியிருந்தது. ஓடுகிறவர்களுக்குக் கால் ஊன்றவே சிரமம். இந்தத் தரையில் ஆடவைத்திருக்கவே கூடாது என்று அயர்லாந்துத் தரப்பு குறைப்பட்டுக்கொண்டது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஐஸ்லாந்து 3-0 என்று வென்றது. பின்லாந்தில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் அவர்கள் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல் ஸ்வீடனில், தாக்னி பிரின்யார்ஸ்டோட்டிர் அடித்த ஒரே கோலில் நெதர்லாந்தை வென்று காலிறுதிக்குச் சென்றார்கள்.

இந்த வளர்ச்சிக்கு உள்ளரங்க மைதானங்களைக் காரணம் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு முதல் கூரையிட்ட முழு அளவு மைதானங்கள் எழுந்தன, பள்ளிகளை ஒட்டிச் செயற்கைப் புல் போட்ட சிறு மைதானங்கள் நாடெங்கும் வந்தன, முறையான சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் சிறுவர் சிறுமியருக்குக் கற்பித்தார்கள். இவை எல்லாம் சரி. ஆனால் நான் ஆட்களுக்கு அதிக மதிப்பெண் தருவேன். வாண்டா சிகுர்கெய்ர்ஸ்டோட்டிர் 1987க்கு முன்பும் தேசிய அணியில் ஆடினார், அணி மீண்டும் வந்த பிறகும் ஆடினார், தலைவியாக இருந்தார், பின்னர் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். ஆண் வீரர்கள் மீதான பாலியல் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2021இல் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகம் மொத்தமாகப் பதவி விலகியபோது, சங்கத்தின் முதல் பெண் தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காலத்தில் தன் அணியைக் கலைத்த அலுவலகத்தின் நாற்காலி அது.

சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் இன்னொருவர். தேசிய அணிக்காக 145 ஆட்டங்கள் ஆடிய நடுக்கள வீராங்கனை. 2020இல் பிரான்சின் லியோன் அணிக்காக, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர். கர்ப்பகாலத்தில் தனக்கு முழு ஊதியம் தரப்படவில்லை என்று லியோன் கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தீர்ப்பாயம் அவருக்கு 82 ஆயிரம் யூரோவுக்கு மேல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆடுவதோடு நில்லாமல் ஆட்டத்தின் நிபந்தனைகளையும் கேள்வி கேட்பவர்கள் இந்த அணியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள். 2018இல் தகுதிச் சுற்று ஊக்கத்தொகையை ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் சமமாக்க ஐஸ்லாந்துச் சங்கம் முடிவெடுத்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

உலகக் கோப்பைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் உலகக் கோப்பைக்கான இடங்கள் குறைவு, போட்டியிடும் வலிய அணிகள் மிக அதிகம். ஜெர்மனியை அதன் மண்ணிலேயே 2017இல் 3-2 என்று வென்ற பிறகும் அந்தத் தகுதிச் சுற்றை இவர்களால் தாண்ட முடியவில்லை. மிக நெருங்கியது 2022 செப்டம்பரில், உட்ரெக்ட் நகரில். நெதர்லாந்துக்கு எதிராகச் சமன் செய்தால் போதும், உலகக் கோப்பை உறுதி. கோல்கீப்பர் சான்ட்ரா சிகுர்தார்டோட்டிர் ஆட்டம் முழுவதும் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தார். தொண்ணூறு நிமிடங்கள் முடிந்து, கூட்டித் தரப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு பந்து வலைக்குள் போனது. அடுத்த மாதம் போர்ச்சுகலில் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராகக் குறைந்து, கூடுதல் நேரத்தில் 1-4 என்று தோற்றார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையிலோ மூன்று ஆட்டங்களும் 1-1. ஒன்றில்கூடத் தோற்காமல் வெளியேறினார்கள். இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024இல் ஜெர்மனியை ரெய்க்யாவிக்கில் 3-0 என்று வீழ்த்தி அடுத்த ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்கள், 2025இல் சுவிட்சர்லாந்தில் மூன்று ஆட்டங்களையும் இழந்தார்கள். நார்வேயுடனான கடைசி ஆட்டம் 3-4. அதன் பிறகு பயிற்சியாளர் நீடிக்க வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. அணி நீடிக்க வேண்டுமா என்பது இப்போது அங்கே விவாதத்துக்குரிய பொருளே அல்ல.

அன்புடன்.