சதுர நெகட்டிவ்: வெட்டப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள்

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "கல்யாண வேலைகளுக்குப் போகும் போட்டோகிராபர் நான். ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமரா இருக்கிறது. இரட்டை லென்ஸ் வைத்த பழைய 6×6 ஃபிலிம் கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டிஜிட்டல் படத்தில் ஓரத்தை வெட்டினாலே சதுரம் வந்துவிடுகிறதே, இதில் என்ன விசேஷம்? 6×4.5 கேமரா என்றால் ஒரு ரோலில் 16 படம் வரை கிடைக்கும் என்கிறார் நண்பர். 12 படத்துக்காக 6×6 வாங்குவது வீண்தானா? வாங்கினால் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?"

உங்கள் நண்பர் சொன்ன கணக்கு சரி. ஆனால் அதற்கு முன்னால் நீங்களே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எடுத்த படத்தைச் சதுரமாகவே விடப் போகிறீர்களா, இல்லை பிரிண்ட் போடும்போது நீட்டமாக வெட்டிக்கொள்ளப் போகிறீர்களா?

6×6 செ.மீ. என்று பெயர்தானே தவிர நெகட்டிவின் உண்மையான அளவு ஏறக்குறைய 56×56 மி.மீ. இதை 8×10 அங்குலப் பேப்பருக்காக வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது 6×4.5 கேமரா தரும் நெகட்டிவைவிட ஒரு விரல்கீற்று கூடுதல், அவ்வளவுதான். அதாவது அதே படத்துக்காக ரோலுக்கு மூன்று நான்கு ஃப்ரேம்களைத் தானம் செய்கிறீர்கள். இன்று ஃபிலிம் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது. வெட்டுகிற பழக்கம் உங்களை விடாது என்று தோன்றினால் நண்பர் பேச்சைக் கேளுங்கள்; மேற்கொண்டு படிக்கவும் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேமராக்களைச் செய்தவர்களே வெட்டுவதற்காகத்தான் சதுரமாகச் செய்தார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃப்ராங்கே அண்ட் ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் ரோலைஃப்ளெக்ஸைக் கொண்டுவந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மேல் லென்ஸுக்குப் பின்னால் சாய்த்து வைத்த கண்ணாடி, அதற்கு மேலே தேய்த்த கண்ணாடித் திரை. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் நேராக நிற்கும், ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். இந்தக் கேமராவை உயரப் படத்துக்காகப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்: பிம்பம் தலைகீழாகிவிடும், நீங்கள் கழுத்தை ஒடித்துப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கும். திருப்பவே வேண்டாத வடிவம் ஒன்றுதான் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு, நீளமா உயரமா என்பதை டார்க்ரூமில் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். 1948-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஹாசல்பிளாடும் அதே வழியில்தான் போனது. பத்திரிகைக்காரர்கள் தாராளமாக வெட்டினார்கள்.

வெட்டாமல் விட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தார்கள். நியூயார்க்கில் 35 மி.மீ. கேமராவில் எடுத்துக்கொண்டிருந்த டயான் ஆர்பஸ் 1960-களின் தொடக்கத்தில் சதுரத்துக்கு மாறினார். எதிரே நேராக நிற்க வைத்து, நடுவில் வைத்து எடுத்த அந்த முகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ரோலைஃப்ளெக்ஸை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைக் கண்ணாடிகளில் தன்னையே எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் தயானிதா சிங் ஹாசல்பிளாடோடு வீடுகளுக்குள்ளும் ஆவணக் காப்பகங்களுக்குள்ளும் போனவர். 2022-இல் ஹாசல்பிளாட் விருதும் அவருக்குக் கிடைத்தது. நம் வீட்டு ஆல்பத்தில் கறுப்பு மூலைகளுக்குள் செருகிய சின்னச் சதுரப் படங்கள் இருந்தால், அவற்றில் சில அக்ஃபா க்ளிக் 3-இல் எடுத்தவையாக இருக்கலாம். அதுவும் இதே 6×6 கேமராக்களுக்குப் போடும் 120 என்ற ரோல் ஃபிலிம், 12 சதுரம். தாத்தா கலைக்காக எடுக்கவில்லை. கேமரா கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

சரி, வெட்டாமல் விட்டால் என்ன கிடைக்கிறது? நீளப் படத்தில் கண் இடமிருந்து வலமாக நடக்கிறது, உயரப் படத்தில் ஏறி இறங்குகிறது. சதுரத்தில் அதற்கு ஓடப் பாதை கிடையாது, நடுவைச் சுற்றி வருகிறது. புள்ளிக் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள், நடுப்புள்ளியிலிருந்துதான் கணக்கு. அதனால்தான் "முகத்தை நடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இங்கே தளர்ந்துபோகிறது. நடுவில் வைத்தால் அசட்டுத்தனமாகத் தெரிவதில்லை, உறுதியாகத் தெரிகிறது.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். என் அத்தை முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். டிஜிட்டலில் நீளமாக வைத்தால் வலது ஓரத்தில் கேஸ் சிலிண்டர் நுழைந்தது. உயரமாக வைத்தால் முழங்கால்கள் இரண்டும் வெட்டுப்பட்டன. பின்னால் போனால் தலைக்கு மேல் ஒரு முழம் வெறும் சுவர். சதுரத் திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது: சம்மணமிட்டவரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு முழங்காலும் கீழ் மூலைகளைப் பிடித்துக்கொள்ள, நார் இழுக்கும் கை நடுவில் வர, தலை மேலே முடிந்தது. சுருட்ட வேண்டியதும் இல்லை, நிரப்ப வேண்டியதும் இல்லை. திண்ணை, தரை, தறிக்குழி, சமையலறை என்று உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர்களை எடுக்கிறவருக்குச் சதுரம் வாகாக இருப்பது இதனால்தான். அதே சமயம் பட்டுப்புடவை முழுக்கத் தெரிய நிற்கும் மணப்பெண்ணுக்கும், மேடையில் நாற்பது பேர் வரிசை கட்டும் குடும்பப் படத்துக்கும் இது உதவாது. கல்யாண வேலைக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேமராக்களின் கவர்ச்சி என்று ஜனங்கள் சொல்வதில் பாதி சதுரத்தால் வருவதே இல்லை. கேமரா வயிற்று உயரத்தில் இருப்பதால் குழந்தையும் நாற்காலியில் இருக்கும் பெரியவரும் லென்ஸுக்கு நேராக வருகிறார்கள். மேலிருந்து கீழே பார்க்கிற அதிகாரம் போய்விடுகிறது. நீங்கள் முகத்துக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர் முன் தலை குனிந்து நிற்கிறீர்கள். எதிரே இருப்பவர் இளகுவதை நீங்களே பார்ப்பீர்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் ஒரு சின்ன 'டிக்'தான். இது இரட்டை லென்ஸ் கேமராவுக்குப் பொருந்தும். ஹாசல்பிளாடில் உள்ளே கண்ணாடி தூக்கிக்கொள்ளும் சத்தத்துக்குத் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

டிஜிட்டலில் வெட்டினால் இதே சதுரம் வராதா என்று கேட்டீர்கள். வடிவம் வரும். 24×36 சென்சாரில் வெட்டினால் மிஞ்சுவது 24×24. 6×6 நெகட்டிவின் பரப்பு அதைப் போல ஐந்தரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 6×6-க்கு 80 மி.மீ. லென்ஸ்தான் சாதாரண லென்ஸ். அதே பார்வைக் கோணத்துக்கு உங்கள் வெட்டிய சதுரத்தில் 34 மி.மீ. போதும். ஆனால் 80 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 3.5-இல் வைத்தால் பின்னணி எப்படிக் கரைகிறதோ, அப்படிக் கரைய உங்கள் 34 மி.மீ.க்கு எஃப் 1.5 அளவு வேண்டும். முகத்துக்குப் பின்னால் சுவர் மெதுவாகக் கரையும் அந்த அழகு இங்கிருந்து வருகிறது, ஃபிலிம் என்ற சொல்லிலிருந்து அல்ல.

இந்தக் கணக்கையே பரீட்சையாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை 1:1-க்கு மாற்றுங்கள், 35 மி.மீ. லென்ஸ் போடுங்கள், பின்திரையை மேல்பார்க்க மடக்கி வயிற்று உயரத்தில் பிடியுங்கள். ஒரு நாளைக்கு 12 படம், ஜாதகக் கட்டம் மாதிரி, பதின்மூன்றாவது கிடையாது. எடுத்ததை வீட்டுக்கு வரும்வரை பார்க்கவும் கூடாது. ஒரு மாதம் செய்து பாருங்கள். மாதக் கடைசியில் ஓரங்கள் போய்விட்டனவே என்று கை பரபரத்தால் பணம் மிச்சம். பரபரக்கவில்லை என்றால் வாங்கலாம்.

எதை வாங்குவது? முதல் கேமராவுக்கு யாஷிகா மேட் 124ஜி அல்லது ரோலைகார்ட் போதும் என்பேன். யாஷிகாவில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். அது இப்போது விற்பனையில் இல்லை. அதனால் மீட்டர் வேலை செய்கிறது என்று விற்கிறவர் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். போனில் ஒரு மீட்டர் ஆப் போதும். அதுவும் இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 16, 1/500. மாமியா சி330-இல் லென்ஸ் மாற்றலாம், கிட்டே போய் எடுக்கலாம், ஆனால் கழுத்தில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஹாசல்பிளாட் 500சி/எம் அருமையான கருவிதான். ஷட்டரை ஏற்றாமல் லென்ஸைக் கழற்றினால் சிக்கிக்கொள்ளும் என்பதுபோல அதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வந்திருக்கும் கேமராவைக் கையில் எடுத்ததும் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்துத் திறந்தபடி பிடித்து, லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ். நம் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கேமராவுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பார்க்கும் லென்ஸில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எடுக்கும் லென்ஸில் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அடுத்து ஷட்டரை ஒரு விநாடியில் வைத்துக் காதருகே கேளுங்கள். பல்சக்கரம் சீராக 'கிர்ர்' என்று ஓடி முடிய வேண்டும். நடுவில் முனகினாலோ நின்றுவிட்டாலோ உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். பழைய ஷட்டர்களில் அது பாதியில் நின்றால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். 1/500 வேண்டுமென்றால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள், ஏற்றிய பிறகு வைத்து அழுத்தாதீர்கள்.

அத்தை படத்தின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். திரையில் அவ்வளவு கச்சிதமாக வந்தது, நெகட்டிவில் உச்சந்தலை இல்லாமல் வந்தது. பார்க்கும் லென்ஸ் எடுக்கும் லென்ஸுக்கு நாலரை செ.மீ. போல மேலே இருக்கிறது. தூரத்தில் இது பெரிதல்ல. ஒரு மீட்டரில் தலையை வாங்கிவிடும். ரோலைஃப்ளெக்ஸ் போன்ற சில கேமராக்கள் இதைத் தாமே சரிசெய்யும். இல்லாதவற்றில், ஃப்ரேம் பார்த்து முடித்ததும் கேமராவை அந்த இடைவெளி அளவுக்கு நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்தால் சுலபம். கையில் என்றால் இரண்டு விரற்கடை உயர்த்தப் பழகிக்கொள்ளுங்கள்.

கலர் ரோல் கழுவும் லேப்கள் இப்போது பெரிய ஊர்களில் கொஞ்சம்தான், பெரும்பாலும் கூரியர் செய்ய வேண்டியிருக்கும். அதனால் கறுப்பு வெள்ளையில் தொடங்கி வீட்டிலேயே கழுவுங்கள். ஃபிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கில் 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. கரைசல் போதும், 120-க்கு 500 மி.லி. வேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 ரோலை ஐடி-11 என்ற டெவலப்பரில் நீர் கலக்காமல் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வராது. ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு பேசினில் போட்டு, கரைசல் பாட்டில்களை அதற்குள் நிறுத்துங்கள். கரைசலுக்குள் ஐஸைப் போட்டுவிடாதீர்கள்; ஒரு நண்பர் போட்டார், பன்னிரண்டும் சாம்பலாக வந்தன.

பிரிண்ட் போட்டால் ஃப்ரேம் கடையில் சதுரச் சட்டம் தயாராக இருக்காது. 12×12 என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். 8×10 சட்டத்துக்குள் சதுரத் திறப்பு வெட்டிய அட்டை வைத்துத் தருகிறேன் என்பார் கடைக்காரர். மேலே குறைவாகவும் கீழே கொஞ்சம் கூடுதலாகவும் வெள்ளை விடச் சொன்னால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

கேமராவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. பின்கதவைத் திறந்தால் மேலும் கீழும் இரண்டு ஸ்பூல் அறைகள் இருக்கும். எடுக்க எடுக்க ஃபிலிம் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சுற்றிக்கொள்ளும், 35 மி.மீ. போல திரும்பச் சுற்றுவது கிடையாது. அதனால் சுற்றிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு காலி ஸ்பூல் இருந்தே ஆக வேண்டும். பல பழைய கேமராக்களில் அது தொலைந்திருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விற்கிறவரிடம் பேரம் பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.