ரவுட்டர்ல லைட் எரியுது, நெட்டைத்தான் காணோம்

கேள்வி: அடிக்கடி நெட் கட் ஆகுது. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதே கதை. புது ரவுட்டர் வாங்கிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. நெட் போச்சுன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம், ஆனா போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல இருக்கற வைஃபை வேற, ரவுட்டர்லேர்ந்து வெளிய போற லைன் வேற, இதுல எது போச்சுன்னு தெரியாம வாங்கினா காசுதான் தண்டம். அடுத்த தடவை கட் ஆகும்போது உடனே சுவிட்ச் பக்கம் ஓடாதீங்க, போன்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பிரவுசர்ல 192.168.1.1னு அடிங்க (சிலதுல 192.168.0.1, ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்). லாகின் பக்கம் வந்துச்சுன்னா வைஃபை நல்லாத்தான் இருக்கு, கோளாறு வெளிய போற லைன் பக்கம். ஃபைபர் கனெக்‌ஷனா இருந்தா எல்ஓஎஸ்னு போட்ட லைட்டைப் பாருங்க, அது சிவப்பா எரிஞ்சா ஃபைபர்ல சிக்னலே வரலைன்னு அர்த்தம், அந்த மெல்லிசு வயர் கதவு இடுக்குலயோ கட்டிலுக்குப் பின்னாடியோ மடங்கிக் கிடக்கான்னு பார்த்துட்டு கம்பெனிக்கு போன் போடுங்க, அதுக்கு மேல நம்ம கையில ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, யாரும் பார்க்காத இடம். லாகின் பண்ணி உள்ள போனா ஸ்டேட்டஸ் பக்கத்துல அப்டைம்னு ஒரு வரி இருக்கும், ரவுட்டர் எவ்வளவு நேரமா நிக்காம ஓடுதுன்னு அது சொல்லும். நீங்க தொடவே இல்ல, கரன்ட்டும் போகல, ஆனா அதுல பத்து நிமிஷம்னு காட்டுதுன்னா ரவுட்டர் தானாவே ரீஸ்டார்ட் ஆகுது. இதுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. பழசாயிட்டா லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கிடும், லைட் எல்லாம் எரியறதால நமக்கு சந்தேகமே வராது. மாத்தும்போது வோல்ட் அதே இருக்கணும், 12 வோல்ட்னா 12 வோல்ட்தான், ஆம்பியர் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், குறையக் கூடாது, பின்னோட பிளஸ் மைனஸும் ஒத்துப் போகணும்.

கேள்வி: ஹால்ல பறக்குது, பெட்ரூம்ல ஊர்ந்து போகுது, சமையல் நேரத்துல சுத்தமா படுத்துடுது.

பதில்: சமையல் நேரம்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. மைக்ரோவேவ் அவன் ஓடறது கிட்டத்தட்ட 2.45 கிகாஹெர்ட்ஸ்ல, உங்க 2.4 வைஃபையும் அதே ஏரியா, ப்ளூடூத்தும் அங்கதான். மைக்ரோவேவ் பக்கத்துல இருக்கறப்ப போனை ரவுட்டரோட இன்னொரு வைஃபையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திக்கங்க. ஆனா 5 சுவரைத் தாண்டறதுல கொஞ்சம் வீக், அதனால தூரத்து ரூமுக்கு 2.4தான் கைகொடுக்கும், அங்க சேனலை (வைஃபை ஓடற தடம், ரவுட்டர் செட்டிங்ல இருக்கும்) 1, 6, 11 மூணுல எது காலியா இருக்கோ அதுல வைங்க, ஏன்னா இந்த மூணு மட்டும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கும், நடுவுல 3, 4னு வச்சா ரெண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான். விட்த், அதாவது சேனலோட அகலம், 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ரவுட்டரை இரும்பு பீரோ மேல வச்சிருந்தா முதல்ல அதை இறக்குங்க.

கேள்வி: ரவுட்டர்ல ஹார்ட் டிஸ்க் மாட்டினதுலேர்ந்து வைஃபை சரியில்ல. சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு! யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், 2012லயே இன்டெல் இதைப் பத்தி எழுதி வச்சிருக்கு. கொஞ்சம் நீளமான, நல்ல ஷீல்டு போட்ட கேபிள் வாங்கி டிஸ்க்கைத் தள்ளி வைங்க. ரவுட்டர் செட்டிங்ல யுஎஸ்பி 2.0க்கு இறக்கற வசதி இருந்தா அதையும் போட்டுப் பாருங்க.

கேள்வி: பழைய ரவுட்டரை மாடியில கேபிள் இழுத்து மாட்டினேன். அப்புறம் ரெண்டு பக்கமும் "கனெக்டெட், இன்டர்நெட் இல்லை"ன்னு வருது.

பதில்: ரெண்டு ரவுட்டரும் நான்தான் 192.168.1.1னு அடிச்சிக்குதுங்க, ரெண்டுமே போன்களுக்கு அட்ரஸும் கொடுக்குதுங்க, எதுகிட்ட வாங்கறதுன்னு போன் குழம்பிடுது. மாடி ரவுட்டரைத் தனியா கனெக்ட் பண்ணி அதோட ஐபியை (அந்த நம்பர் அட்ரஸை) 192.168.1.2ன்னு மாத்துங்க (கீழ வேற எதுக்கும் அந்த நம்பர் போகாம பார்த்துக்கங்க), டிஹெச்சிபியை (போன்களுக்கு அட்ரஸ் கொடுக்கற வேலை) ஆஃப் பண்ணுங்க, கீழேர்ந்து வர்ற கேபிளை வான் போர்ட்ல (வெளி லைனுக்கான ஓட்டை) குத்தாம லான் போர்ட்ல (வீட்டு சாதனங்களுக்கான ஓட்டை) குத்துங்க. தீர்ந்துது.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் பேரே சில சமயம் லிஸ்ட்லேர்ந்து மறைஞ்சு, கொஞ்ச நேரத்துல தானா வருது. பேயா?

பதில்: ரேடார். 5 கிகாஹெர்ட்ஸ்ல சில சேனல்களை வானிலை ரேடார் மாதிரி ஆளுங்களோட பங்கு போட்டுக்கறோம், 52லேர்ந்து மேல போற கூட்டம் நிறைய அப்படித்தான். ரேடார் சத்தம் கேட்ட மாதிரி இருந்தாலே ரவுட்டர் அந்த சேனலை காலி பண்ணியாகணும், இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனா அங்கயும் குறைஞ்சது 60 செகண்ட் காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். சேனல் ஆட்டோல இருக்கும், அதை எடுத்துட்டு 36, 40, 44, 48ல ஒண்ணை வைங்க, விட்த்தும் 160ல இருந்தா 80க்கு இறக்கிடுங்க, இல்லன்னா அது விரிஞ்சு மறுபடி ரேடார் பக்கம் போயிடும்.