100 மீட்டர் உயிர்வேலியைக் கத்தரிக்க எவ்வளவு கேட்பது?

நீளத்தை மட்டும் பார்த்து ரேட் சொல்லிவிடாதீங்க, நிறைய பேர் அங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 100 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 400 சதுர மீட்டர், மேல்பக்கம் இன்னொரு 100, ஆக வெட்ட வேண்டியது 500.

சரி, நேரம்? முதலில் 10 மீட்டரை வெட்டி, விழுந்ததை அள்ளி ஓரமாகக் குவிக்கிற வரை கடிகாரத்தைப் பாருங்க. 40 நிமிஷம் ஆனால் மொத்தம் 400 நிமிஷம், அதாவது ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டீ, பெட்ரோல் ஊற்றுவது, ஏணியை நகர்த்துவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. டுராண்டா மாதிரி முள் இருக்கிற செடி, இரண்டு வருஷமாக யாரும் தொடாத வேலி என்றால் இந்தக் கணக்கு தாங்காது, ஏனென்றால் தடித்த கிளைக்கு மெஷின் போதாது, கைரம்பம் எடுக்கணும்.

அப்புறம் குப்பை. வெட்டுவதைவிட அள்ளுவதுதான் பல நேரம் அதிக வேலை. வண்டி வாடகை யாருடையது என்று முன்னாடியே பேசிவிடுங்க. ஆள் கூலி, எரிபொருள், பிளேடு தேய்மானம், வண்டி, அதன்மேல் உங்கள் லாபம், இதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் நீங்கள் கேட்க வேண்டிய ரேட்.